பத்தடிக்குள் நிபுணர் இல்லை

வரவேற்பு மேஜைப் பெண் அந்தப் புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கி மேஜை மேல் போட்டாள். தொப்! தூசு கிளம்பியது. வேன்காரன் ஓரடி பின்வாங்கினான்.

"நிபுணர் கையேடு," என்றாள் பெருமையாக. "எங்க பல்கலைக்கழகத்துல நானூத்திப் பன்னிரண்டு நிபுணர்கள். உலகத்துல எந்த விஷயத்தை எடுத்தாலும் ஒருத்தர் இருக்கார். ஒரு விஷயத்துக்கு ஒருத்தர்தான். ரெண்டு பேர் இருந்தா சண்டை வரும். உங்க விஷயம் என்ன?"

"ஈயம்."

"எதுல இருக்கிற ஈயம்?"

"என் பொண்டாட்டி உடம்புல."

விரல் பக்கங்களில் ஓடியது. பொம்மைக்குப் பூசும் வர்ணத்தின் ஈயம் இருந்தது. பொன் உருக்கும் உலையின் ஈயம் இருந்தது. பொண்டாட்டி இல்லை.

"மனுஷங்கன்னு பாருங்கம்மா."

"மனுஷங்க துறை காலி. இருந்தவர் ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாச்சு. யாரும் அந்த இடத்துக்கு வர மாட்டேங்கறாங்க. அதுல ஆராய்ச்சி பண்ணா, ஆளுங்க திரும்பத் திரும்ப வந்து 'எனக்கு எப்ப சரியாகும்'னு கேட்கறாங்களாம். தொந்தரவு." அவள் ஒரு துண்டுச் சீட்டில் அறை எண் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். "முதல்ல மண்ணைப் போய்ப் பாருங்க."

வேன்காரன் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். மனைவி பழைய பேட்டரி உடைக்கும் பட்டறையில் நான்கு வருடமாகச் சுத்தியல் பிடிக்கிறவள். ஆறு மாதமாக அவளுக்கு வயிறு முறுக்கிப் பிடித்தது. பிறகு டம்ளர் கையில் நிற்கவில்லை. பிறகு கையே நிற்கவில்லை; மணிக்கட்டுக்குக் கீழே இரண்டும் துவண்டு தொங்கின. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். இருக்க வேண்டிய அளவைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஈயம்.

"ஊசி இருக்கு, போட்டா சரியாகும்," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "ஆனா அது தொழில்நோய் வார்டு மருந்து. பட்டறையாலதான் வந்ததுன்னு தொழிலாளர் கோர்ட் சொல்லணும்."

கோர்ட் என்ன சொன்னது? 'ஈயம் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பல்கலைக்கழக நிபுணர் ஒருவரின் சான்றிதழோடு வரவும்.' பதினாறு நாள் தவணை.

ஒரு நிபுணர், ஒரு கையெழுத்து. நானூத்திப் பன்னிரண்டு பேரில் ஒருவர் போட மாட்டாரா என்றுதான் வேன்காரன் நினைத்தான்.

மண் பேராசிரியரின் அறையில் சுவர் முழுக்கக் கண்ணாடி ஜாடிகள். ஒவ்வொன்றிலும் மண். அவர் வேன்காரன் சொன்னதை முழுசாகக் கேட்டார். நடுவில் இரண்டு முறை 'த்சொ' கொட்டினார். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்துகொண்டு கேட்டார்:

"உங்க மனைவி எவ்வளவு ஆழத்துல இருக்காங்க?"

வேன்காரன் அவசரமாகக் கையை ஆட்டினான். "அவ உயிரோடதான் சார் இருக்கா. கீழ வேன்ல உட்கார்ந்திருக்கா."

"அடடா," என்றார் மண் பேராசிரியர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். "அப்ப என்னால முடியாதே. தரையிலேர்ந்து ஓரடி ஆழம் வரைக்கும்தான் நான். அதுக்குக் கீழ இன்னொருத்தர். இருபத்திரண்டு வருஷமா இந்த ஓரடியிலதான் குடித்தனம் பண்றேன். நீங்க சொல்ற பட்டறை எனக்கு நல்லாத் தெரியும். அதோ, அந்த மூணாவது வரிசை ஜாடியெல்லாம் அங்க எடுத்ததுதான். எழுபத்து மூணு கட்டுரை போட்டிருக்கேன். அந்த மண்ணுல இருந்த புழு பூச்சி மொத்தமும் செத்துப்போச்சு, தெரியுமா?"

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா சார்?"

"கட்டுரை போட்டிருக்கேன்னு சொன்னேனே."

"அங்க முப்பத்தொரு பொம்பளைங்க வேலை பாக்கறாங்க சார்."

"இருக்கலாம். எனக்கு அவங்க செருப்பு வரைக்கும்தான் தெரியும்." பேராசிரியர் நோட்டை மூடினார். "உங்க மனைவி மண்ணைத் தின்னுற வழக்கம் உண்டா?"

"இல்ல சார்."

"மூச்சு விடுவாங்களா?"

"விடுறா சார்."

"மூச்சுன்னா காத்து. மொட்டை மாடிக்குப் போங்க."

மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்கு மேல் கம்பம், கம்பத்தில் கிண்ணம் கிண்ணமாக ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே அண்ணாந்தபடியே உட்கார்ந்திருந்தார் காற்றுப் பேராசிரியர். வேன்காரன் பேசும்போதும் அவர் தலையை இறக்கவில்லை.

"மனைவி உயரம்?"

"அஞ்சடி ரெண்டு அங்குலம் சார்."

"பத்தலையே. நான் பத்தடிக்கு மேல. அந்தப் பட்டறைப் புகை பத்தடியைத் தாண்டினதும் என் பொறுப்பு. தாண்டினப்புறம் அது எங்க போகுது, எந்த மேகத்துல ஒட்டுது, எந்தப் பறவை நெஞ்சுல இறங்குது, அத்தனையும் சொல்வேன். அந்த வட்டாரத்துல காக்கா குறைஞ்சு போச்சு. நான்தான் கண்டுபிடிச்சேன்."

"காக்காவுக்கு மேல போய் நின்னு அவளால பேட்டரி உடைக்க முடியாதே சார்."

"அது அவங்க பக்கத்துக் குறை. நான் என்ன பண்ணுவேன்?"

வேன்காரன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தான். "தரைக்குக் கீழ மண் சார். பத்தடிக்கு மேல நீங்க. நடுவுல யாரு?"

முதல் முறையாகக் காற்றுப் பேராசிரியரின் தலை கீழே இறங்கியது. கண்ணில் கோபம்.

"அதை மட்டும் கேட்காதீங்க. அது சர்ச்சைக்குரிய பகுதி!"

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மண் பேராசிரியர், தரையிலிருந்து கிளம்புகிற தூசு எவ்வளவு உயரம் போனாலும் மண்தான் என்று உரிமை கொண்டாடினார். மிதக்க ஆரம்பித்துவிட்டால் அது காற்று என்றார் இவர். விவகாரம் எல்லைக் குழுவுக்குப் போனது. நிபுணர்களுக்குள் யாருடைய துறை எங்கே முடிகிறது என்று தீர்ப்பு சொல்கிற குழு அது. தீர்ப்பு வரும்வரை தரைக்கும் பத்தடிக்கும் நடுவே எவரும் ஆராய்ச்சி செய்யக் கூடாது என்று தடை போட்டது. தடை இன்னும் இருக்கிறது.

ஊரிலுள்ள மூக்குகள் அத்தனையும் அந்தப் பத்தடிக்குள்தான் இருந்தன.

கீழே இறங்கி வந்து வேன் கதவைத் திறந்து இதைச் சொன்னான். மனைவி சீட்டில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப நம்ம உயரத்துல ஒருத்தர்கூட இல்லையா?"

"இல்ல."

"நாலு வருஷம் குனிஞ்சே வேலை பாத்தேன். இன்னும் கொஞ்சம் குனிஞ்சிருந்தா மண் சார்கிட்ட சேர்ந்திருப்பேன்போல." சிரிக்கப் போனவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சரி, அந்தக் குழு எங்க இருக்கு?"

எல்லைக் குழு மூன்றாம் மாடியில், நீளமான மேஜையைச் சுற்றி இருந்தது. பதினோரு நாள் நடையாய் நடந்ததில் வேன்காரனுக்கு மூன்று நிமிடம் ஒதுக்கினார்கள். தலைமை, துணைவேந்தர். அவரும் நிபுணர்தான். அவருடைய துறை சராசரி. எதையும் எதோடும் கூட்டி வகுத்துவிடுவார்.

வேன்காரன் மனைவியும் வந்திருந்தாள். உள்ளே நுழைந்ததும் கும்பிட்டாள். உள்ளங்கைகள் சேரவில்லை, இரண்டு கையும் முன்னால் வந்து மடங்கித் தொங்கின.

"அந்தம்மா ஏன் இப்படி வேண்டா வெறுப்பா வணக்கம் சொல்றாங்க?" என்றார் துணைவேந்தர்.

"ஈயம் சார். கை தூக்க வராது."

"ஓ! சரி, குறிப்புல ஏத்த வேண்டாம். கை, தரைக்கும் பத்தடிக்கும் நடுவுல இருக்கு."

வேன்காரன் இரண்டு நிமிடம் பேசினான். மிச்சமிருந்த ஒரு நிமிடத்தைத் துணைவேந்தர் வாங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார்.

"நண்பர்களே! இவர் ஒரு வேன் ஓட்டுநர். பாவம், உணர்ச்சிவசப்படறார். ஆனா விஞ்ஞானம் உணர்ச்சிவசப்படக் கூடாது. தரைக்குக் கீழ ஈயம் இருக்கு. அது நமக்குத் தெரியும். பத்தடிக்கு மேலயும் இருக்கு. அதுவும் தெரியும். நடுவுல இருக்கா? யாரும் பார்க்கல. பார்க்காத இடத்துல இருக்குன்னு சொன்னா அது விஞ்ஞானமா? இல்லைன்னு சொன்னா மட்டும் அது விஞ்ஞானமா? அதனால நாம சும்மா இருக்கோம். ஒன்பது வருஷமா சும்மா இருக்கோம்! இது சாதாரண உழைப்பா? வேற எந்தப் பல்கலைக்கழகமாவது இவ்வளவு நாள் சும்மா இருந்திருக்குமா? எப்பவோ அவசரப்பட்டுப் போய்ப் பார்த்திருப்பாங்க!"

மேஜையைத் தட்டினார்கள். மண்ணும் காற்றும்கூட ஒருவரை ஒருவர் பார்க்காமல் தட்டினார்கள்.

"சார், எனக்கு இன்னும் அஞ்சு நாள்தான் தவணை இருக்கு," என்றான் வேன்காரன்.

"சராசரியா பார்த்தா, இந்த ஊர்ல ஒவ்வொருத்தர் உடம்புலயும் ஈயம் ரொம்பக் குறைவு," என்றார் துணைவேந்தர் அன்பாக. "உங்க மனைவியைத் தனியா பார்க்கிறதாலதான் உங்களுக்குப் பயமா இருக்கு. எல்லாரோடயும் சேர்த்துப் பாருங்க. தைரியம் வரும்."

படிக்கட்டில் இறங்கும்போது வேன்காரனுக்குத் தைரியம் வரவில்லை. பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம்தான் வந்தது. காலில் ரப்பர் பூட்ஸ், தலைமுடியில் வைக்கோல். முப்பது வயது இருக்கும்.

"நில்லுங்க, நில்லுங்க! நான் ஆடு," என்றாள் மூச்சிரைக்க.

"என்னம்மா?"

"ஆட்டுத் துறை. ஆட்டு ரத்தத்துல ஈயம். அதுக்கு நான்தான் நிபுணர்." வேன்காரன் மனைவியின் கையை எடுத்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கீழுதட்டை விலக்கி ஈறைப் பார்த்தாள். ஈறோரம் ஈயத்தின் நீலக் கோடு. "எவ்வளவு எடை இருப்பீங்கக்கா?"

"நாப்பத்தெட்டு."

"நல்லா வளர்ந்த ஆடு அந்த எடை வரும்," என்றாள் ஆட்டு மேடம், யோசனையாக. "ரத்தம் எனக்கு ரத்தம்தான். பட்டறை ஈயத்தையும் உங்க உடம்பு ஈயத்தையும் என் மெஷின்ல வச்சா, ரெண்டும் ஒரே இடத்துச் சரக்கான்னு சொல்லிடும். அதுல சந்தேகமே கிடையாது. ஆனா சான்றிதழ் ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அது ஆட்டுக்கு."



"அதெல்லாம் வேண்டாம்," என்றான் வேன்காரன். "என் பொண்டாட்டியை ஆடுன்னு எழுதி நான் கோர்ட்ல நீட்டவா? நாலு பேர் சிரிக்க மாட்டாங்க?"

"நாலு பேர் சிரிச்சா சிரிக்கட்டும்," என்றாள் மனைவி. "எனக்கு ஊசி வேணும். எழுதுங்க மேடம்."

மூன்று நாளில் சான்றிதழ் தயார். இனம்: ஆடு. பால்: பெட்டை. எடை: நாற்பத்தெட்டு. பற்கள்: இருபத்தொன்பது. 'மேய்ந்த இடம்' என்ற கட்டத்தில் பட்டறையின் முகவரி. அடியில் ஆட்டு மேடம் ஒரு ஒளிவுமறைவும் இல்லாமல் எழுதியிருந்தாள்: 'ரத்தத்தில் உள்ள ஈயம் மேற்படி பட்டறையின் ஈயமே. உடனடி சிகிச்சை இல்லையெனில் உயிருக்கு ஆபத்து.' அந்தக் கட்டிடத்தில் அந்த வருடம் எழுதப்பட்ட ஒரே முழு உண்மை அதுதான். காதில் குத்த வேண்டிய மஞ்சள் வில்லையை, எண் 217, அவள் காதில் குத்தாமல் நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டிவிட்டாள்.

"உரிமையாளர் கையெழுத்து" என்ற இடத்தில் வேன்காரன் போட்டான். போட்டுவிட்டுப் பேனாவை ரொம்ப நேரம் மூடவில்லை.

கோர்ட்டில் யாரும் சிரிக்கவில்லை. விசாரணை அதிகாரி தலையைத் தூக்காமல் படித்தார். பட்டறை வக்கீல் எழுந்தார். எதிர்ப்பார் என்று வேன்காரன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"நிபுணர் சான்றிதழை முழு மனசோட ஏத்துக்கறோம் ஐயா," என்றார் வக்கீல். "எங்க பட்டறையால ஒரு ஆடு பாதிக்கப்பட்டிருக்கு. எங்க முதலாளி ரொம்ப மனசு வருத்தப்படறார்."

தீர்ப்பு அரைப் பக்கம். 'பாதிக்கப்பட்ட ஆட்டுக்குக் கால்நடை மருத்துவமனையில் நாளொன்றுக்கு ஒன்று வீதம் முப்பது ஊசிகள். ஒவ்வொரு நாளும் ரத்தத்தில் ஈய அளவு, எடை குறித்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். இனி ஆடுகள் நுழையாதபடி பட்டறை வேலி அமைக்க வேண்டும்.'

மறுநாள் பட்டறை வாசலில் பலகை வந்தது: ஆடுகளுக்கு அனுமதி இல்லை. காவலாளி அவளைத் தடுத்து நிறுத்தினான். "கோவிச்சுக்காதக்கா. ஆர்டர். மத்தவங்க எல்லாம் போலாம்."

மற்ற முப்பது பேரும் உள்ளே போனார்கள்.

அவள் மாட்டுக்கும் நாய்க்கும் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டாள். கால்நடை டாக்டர் வயசானவர், சள்ளென்று விழுகிறவர். முதல் நாள் அவளையும் தீர்ப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வில்லை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப எடை மேடையில ஏறு. எனக்கு நம்பர்தான் தெரியும். மூஞ்சியைப் பார்க்கிறது என் வேலை இல்ல."

ஆறாவது ஊசியில் வயிற்று முறுக்கல் நின்றது. அன்று அவள் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள். வேன்காரன் எதிரே உட்கார்ந்து, பிள்ளை சாப்பிடுவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏழாம் நாள் காலை கடைக்குட்டி வந்து வாசலில் நின்றாள். பட்டறையிலேயே சின்னவள், பத்தொன்பது வயது, ஐந்து மாதக் கர்ப்பம். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. கையை நீட்டிக் காட்டினாள். மணிக்கட்டு தொங்கியது.

"நானும் ஆடாகணும்க்கா. எங்க எழுதித் தராங்க?"

மூன்று பேரும் ஆட்டு மேடத்திடம் போனார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சுற்றறிக்கையை எடுத்துக் காட்டினாள். 'ஆட்டுத் துறை என்பது ஒருமை. ஓர் ஆட்டுக்கு மேல் போனால் அது மந்தை. மந்தைக்குத் தனி நிபுணர் உண்டு. அவர் தற்போது இரண்டு வருட விடுப்பில் உள்ளார். - எல்லைக் குழு.'

திரும்பும்போது வேனில் மனைவி தன் மணிக்கட்டு நூலைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள். வேன்காரன் கண்ணாடியில் பார்த்துவிட்டான். பிரேக் போட்டான்.

"என்ன பண்ற?"

"இன்னிக்கு இவ போகட்டும்."

"உனக்கென்ன பைத்தியமா? உன்னுது முதல்ல முடியட்டும். முப்பதும் முடிஞ்சப்புறம் எவளுக்கு வேணா குடு."

"அப்ப இவளுக்கு ஆறு மாசம் ஆயிடும்."

"அதுக்கு நான் என்ன பண்றது? எத்தனை படி ஏறி இறங்கினேன் தெரியுமா? உனக்காக ஏறினேன்!"

"தெரியும்," என்றாள். வில்லையைக் கடைக்குட்டியின் கையில் கட்டச் சொல்லி அவனிடமே நீட்டினாள், தன்னால் முடிச்சுப் போட முடியாததால். அவன் கட்டினான். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டே கட்டினான்.

கால்நடை டாக்டர் வில்லையைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார்.

"எடை மேடையில ஏறு," என்றார். "ஊசி போடறதுக்கு முன்னால நான் இன்னொரு புத்தகம் பார்க்கணும். கொஞ்சம் உட்காரு." உள்ளே போய் யாருக்கோ போன் பண்ணி, தணிந்த குரலில் நிறையக் கேள்வி கேட்டுவிட்டு வந்துதான் ஊசியை எடுத்தார்.

அதற்குப் பிறகு தினம் ஒருத்தி. ஆடு எண் 217 ஒரு நாள் அறுபத்து மூன்று கிலோ இருந்தது. மறுநாள் நாற்பத்தொன்று. ஒரு நாள் ஈயம் பத்து மடங்கு, ஒரு நாள் பதினைந்து. ஒரு நாள் அந்த ஆட்டுக்கு மூக்குக் கண்ணாடி இருந்தது. டாக்டர் ஒன்றுவிடாமல் குறித்தார். குறித்ததைத் தீர்ப்பின்படி பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்.

முப்பதாம் நாள் முடிந்த வாரத்தில் துணைவேந்தர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் அந்தக் குறிப்புகள் இருந்தன. அவர் முகத்தில் ஒரு பரவசம்.

"உட்காருங்க! எங்க வரலாற்றிலேயே இவ்வளவு அருமையான ஆடு வந்ததில்ல. முப்பது நாள் கணக்கையும் நானே உட்கார்ந்து கூட்டி வகுத்தேன். தூக்கம்கூட இல்ல. முடிவு என்ன தெரியுமா? முதல் நாள் பன்னிரண்டு மடங்கு. முப்பது நாள் சராசரியும் பன்னிரண்டு மடங்கு! ஒரு புள்ளிகூடக் குறையல. இந்த மருந்து சுத்தமா வேலை செய்யலைங்கறதை நிரூபிச்சிட்டேன்."

வேன்காரன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான். "சார், என் பொண்டாட்டிக்கு ஆறு ஊசியில வயித்து வலி போச்சு சார். பாருங்க, முதல் ஆறு நாளைத் தனியா பாருங்க. இறங்கிக்கிட்டே வருது பாருங்க!"

"தனியாப் பார்த்தா எல்லாமே இறங்கும், ஏறும். அது தனிமையோட குணம்."

"எடை மாறியிருக்கே சார். ஒரே நாள்ல இருபது கிலோ ஏறுமா ஒரு ஆடு?"

"எடை என் துறை இல்ல," என்றார் துணைவேந்தர். "இந்தக் கட்டுரை வெளிவந்ததும் இந்த மருந்தை எல்லா இடத்துலயும் நிறுத்திடுவாங்க. எவ்வளவு வீண் செலவு மிச்சம், யோசிங்க! அப்புறம் ஒரு சின்ன விஷயம். குணமாகாத ஆட்டை வச்சிருக்கக் கூடாதுங்கறது விதி. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள அழிச்சிட்டு ரசீது கொடுத்துடுங்க."

வெளியே வந்து நின்றான். படியில் மனைவி காத்திருந்தாள், வில்லை மறுபடி அவள் மணிக்கட்டில். பக்கத்தில் ஆட்டு மேடம். அவளுக்கு விஷயம் முன்பே தெரிந்திருந்தது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும் வாய் திறந்து, மூடினான்.

"சொல்லுங்க," என்றாள் மனைவி. "நான் அப்பவே சொன்னேன்னு சொல்லணும்தானே? சொல்லிடுங்க. உள்ள வச்சிருந்தா அதுவும் விஷம்."

"நான் ஒண்ணும் சொல்லல."

"கடைக்குட்டி இன்னிக்கும் வேலைக்குப் போயிருக்கா. ஒரே ஒரு ஊசி. அதை வச்சுக்கிட்டு மறுபடி அதே தூசுல உட்கார்ந்திருக்கா." அவள் ஆட்டு மேடத்தைப் பார்த்தாள். "மருந்து போனா போகட்டும். பட்டறையையாவது மூட முடியாதா மேடம்?"

ஆட்டு மேடம் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "சட்டத்துல ஒரு இடம் இருக்குக்கா. உயிரோட இருக்கிற ஆட்டுக்கு வேலி மட்டும்தான். ஆடு செத்துப்போச்சுன்னா, ஈயத்தாலதான் செத்ததுன்னு நிபுணர் எழுதினா, அன்னிக்கே பட்டறைக்கு சீல். விசாரணையே கிடையாது. ஆனா செத்த ஆடு என் துறை இல்ல. என் பக்கத்து அறை."

வேன்காரன் "வேண்டாம்" என்பதற்குள் மனைவி இரண்டு படி ஏறிவிட்டாள்.

செத்த ஆட்டுப் பேராசிரியர் மெல்லிய குரல்காரர். அவரைத் தேடி யாரும் வருவதில்லை போலிருக்கிறது. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உடலைக் கொண்டு வந்திருக்கீங்களா?"

"இதோ," என்றாள் அவள், முன்னால் வந்து.

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். மணிக்கட்டு வில்லையில் எண்ணைச் சரிபார்த்தார்.

"நடந்தே வந்தாச்சா? நல்லதாப் போச்சு. மூணு மாடி தூக்கிட்டு வர ஆள் கிடைக்கிறதில்ல." ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். பக்கத்து அறையிலிருந்து ஆட்டு மேடம் மெஷின் காகிதத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள். அவர் படித்தார். "சந்தேகமே இல்ல. இவ்வளவு ஈயம் இருந்தா சாகத்தான் வேணும். இறந்த தேதி?"

"சார், நிறுத்துங்க," என்றான் வேன்காரன். "இது வேண்டாம். நாங்க போறோம். ஏய், எழுந்திரு."

"உட்காருங்க," என்றாள் அவள் அவனிடம். பிறகு பேராசிரியரிடம், "இன்னிக்குத் தேதி போடுங்க சார்."

"நேரம்?"

"நேரமும் போடணுமா?"

"முக்கியம்மா. வேலை நேரத்துக்கு வெளியே செத்தா பட்டறை பொறுப்பில்ல. வேலை நேரத்துக்குள்ளதான் செத்துதா?"

"நாலு வருஷமா வேலை நேரத்துலதான் சார்."

"ஒரு நேரம் போதும்மா."

"காலையில எட்டு."

எழுதினார். முத்திரை குத்தினார். காகிதத்தை வேன்காரன் பக்கம் திருப்பி, உரிமையாளர் என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு கையெழுத்து. சாயங்காலத்துக்குள்ள சீல் வச்சிடுவாங்க."

வேன்காரன் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவி அவன் தோளில் தன் தோளை இடித்தாள். "போடுங்க. அங்க முப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க." அவன் போட்டான். கடைசி எழுத்தின் மேல் ஒரு சொட்டு விழுந்து மை பரவியது.

செத்த ஆட்டுப் பேராசிரியர் அதைக் கவனித்துவிட்டார். கல்நெஞ்சக்காரர் இல்லை அவர். மேஜையைச் சுற்றி வந்து அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"மனசைத் தளர விடாதீங்க," என்றார். "ஒரு ஆடுதானே."